தூக்கம் தேடிக் குற்றாலம்

குற்றாலத்துக்கு ஜனங்கள் எத்தனையோ காரியங்களை உத்தேசித்துப் போகிறார்கள். தலை நிறைய எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பதற்காகச் சிலர் போகிறார்கள். குளித்த பசியில் ஒன்றுக்கு மூன்றாகச் சாப்பிடலாம் என்று சிலர் போகிறார்கள். குற்றாலநாதரையும் குழல்வாய்மொழி அம்மையையும் தரிசிப்பதற்குப் போகும் பக்தர்கள் உண்டு. மங்குஸ்தான் பழம் வாங்குவதற்கென்றே போகிறவர்களையும் நாம் அறிவோம். ஆனால் தூங்குவதற்காகக் குற்றாலத்துக்குப் போனவர்கள் நாமும் நமது நண்பருமாகத்தான் இருக்கவேண்டும்.

"தூங்குவதற்கு எதற்குக் குற்றாலம்? வீட்டில் பாய் இல்லையா, தலையணை இல்லையா?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நண்பர் வீட்டில் பாய், தலையணை மட்டுமல்ல, இலவம்பஞ்சு மெத்தையே இருக்கிறது. இல்லாதது தூக்கம் ஒன்றுதான்.

நண்பர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். முப்பத்தைந்து வருஷ காலம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். சென்னைக்கு வெளியே, வாகனங்கள் அதிகம் நுழையாத ஒரு சந்தில் சொந்த வீடு. மகன் வெளிநாட்டில் உத்தியோகத்தில் இருக்கிறான். சென்ற ஐப்பசியில் அவருடைய மனைவி காலமானார். அன்று போன தூக்கம் பிறகு திரும்பி வரவில்லை.

"என்ன அமைதியான வீடு, கொடுத்துவைத்தவர் நீர்!" என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நாமும் ஒரு நாள் சொன்னோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"நிசப்தம் என்று ஒன்று கிடையாது, ஐயா! பகலில் ஒளிந்திருக்கும் சத்தமெல்லாம் இரவில் வெளியே வருகிறது. குழாய் சொட்டுகிறது. பல்லி கத்துகிறது. மர பீரோ தானாக முறிகிறது. ஒவ்வொன்றுக்கும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். ஒரு மணி அடிப்பதும் கேட்கிறது, இரண்டு அடிப்பதும் கேட்கிறது. கணக்கு வாத்தியார் அல்லவா? ஒன்றையும் விடாமல் எண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

மகன் இதைக் கேள்விப்பட்டு ஒரு வழி சொன்னான். அவன் இருக்கும் நாட்டில் தூக்கம் வராதவர்கள் 'வெள்ளை இரைச்சல்' என்ற ஒன்றைக் கேட்டுக்கொண்டே தூங்குகிறார்களாம். மழை பெய்வது போன்ற ஓசையைக் கைபேசியில் பதிவு செய்து அனுப்பிவைத்தான். நண்பர் பயபக்தியுடன் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார். மழை பெய்தது. ஆனால் பதிவு செய்தவர் அஜாக்கிரதையாக இருந்துவிட்டார். மழைக்கு நடுவே எங்கேயோ ஒரு காக்கை ஒரே ஒரு முறை கரைந்திருந்தது. பதிவு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகையால் நிமிஷத்துக்கு ஒரு தரம் அதே காக்கை அதே இடத்தில் கரைந்தது.

"அந்தக் காக்கைக்காகக் காத்திருந்தே பொழுது விடிந்துவிட்டது" என்றார் நண்பர்.

பதிவு செய்த மழை வேண்டாம், இயற்கையான அருவியையே போய்க் கேட்போம் என்று அப்போதுதான் தீர்மானித்தோம். ஆடி மாதம். குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுகிறது என்று பத்திரிகையில் செய்தி வந்திருந்தது. பொதிகை ரயிலுக்கு இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டோம்.

ரயில் சொன்ன பாடம்

குற்றாலம் போய்ச் சேரும் முன்பே ஓர் அதிசயம் நடந்தது. ரயில் செங்கற்பட்டைத் தாண்டுவதற்குள் நண்பர் தூங்கிப்போனார். கீழே இரும்புச் சக்கரம் இரும்புப் பாதையில் உருள்கிறது. தலைக்கு மேல் மின்விசிறி கடகடக்கிறது. பக்கத்துப் பெட்டியில் ஒரு குடும்பம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உரத்த குரலில் ஊர்க்கதை பேசுகிறது. இத்தனைக்கும் நடுவில், சொந்த வீட்டில் பல்லிச் சத்தத்துக்கு எழுந்து உட்காருகிற மனிதர் குழந்தையைப் போலத் தூங்கினார்.

நடுநிசிக்கு மேல் விருத்தாசலத்தில் வண்டி நின்றது. ஓட்டத்தின் ஓசை நின்றது. சக்கரத்தின் சத்தம் அடங்கி, விசிறியின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. அந்தக் கணமே நண்பர் கண்ணை விழித்தார். அவர் மட்டுமல்ல, வண்டியில் பாதிப் பேர் விழித்துக்கொண்டு, "எந்த ஊர்? எந்த ஊர்?" என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். வண்டி புறப்பட்டு வேகம் பிடித்ததும் எல்லாரும் மறுபடி தூங்கிவிட்டார்கள்.

நேயர்கள் அனைவரும் அநுபவத்தில் கண்ட விஷயந்தான் இது. ஆனாலும் யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. சத்தத்தினால் தூக்கம் கெடும் என்று நாம் எல்லாரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வண்டியிலோ சத்தம் இருக்கும்வரை தூங்கினோம். சத்தம் குறைந்தவுடன் விழித்தோம். தூக்கத்தைக் கெடுப்பது சத்தமல்ல, சத்தத்தில் ஏற்படும் மாறுதல்தான் என்று அந்த இரவில் நமக்குப் புலப்பட்டது.

சாரலும் அருவியும்

மதுரை, சிவகாசி, ராஜபாளையம், சங்கரன்கோவில் என்று ஊர்களைத் தாண்டி வண்டி தென்காசியை நெருங்கியபோது விடிந்திருந்தது. மேற்கே மலைத்தொடர் முழுவதும் மேகத்தை இழுத்துப் போர்த்துக்கொண்டு படுத்திருந்தது. 'தூங்குவதென்றால் இப்படியல்லவா தூங்கவேண்டும்!' என்று அதைப் பார்த்ததும் தோன்றியது.

தென்காசிக் கோபுர வாசலில் எப்போதும் ஒரு காற்று வீசும். கணவாய் வழியாக மலையாளப் பக்கத்திலிருந்து புகுந்து வரும் தென்மேற்குக் காற்று அது. பழைய கோபுரம் சிதைந்து வெகு காலம் மொட்டையாக நின்று, 1990-இல் புதிய கோபுரம் எழும்பிக் கும்பாபிஷேகம் நடந்தது. கோபுரம் புதிதானாலும் காற்று பழைய காற்றுத்தான். வாசலில் நின்ற நண்பருடைய மேல்வேஷ்டியைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது.

தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்று மைல் தூரம் இருக்கும். வழியில் மேலகரம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அது. அதைத் தாண்டியதுமே சாரல் ஆரம்பித்துவிட்டது. சாரலை மழை என்று சொல்வதற்கில்லை. மழையில்லை என்றும் சொல்வதற்கில்லை. குடை பிடித்தாலும் நனைகிறோம், பிடிக்காவிட்டாலும் நனைகிறோம். வெயில் ஒரு பக்கம் அடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபக்கத்திலிருந்து பூந்தூறலாக வந்து முகத்தைத் தடவிவிட்டுப் போகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையில் இந்தச் சாரல் விட்டு விட்டு விழும். ரசிகமணி டி. கே. சி. தமது பிற்காலத்தை இந்த ஊரிலேயே கழித்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

கடைவீதியில் நுழைந்தோம். இரண்டு பக்கமும் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்திருந்தார்கள். நேந்திரங்காய் வறுவலின் வாசனை எழுந்தது. எண்ணெய்ச் சட்டி சீறியது. "வாங்கய்யா, வாங்க!" என்று கடைக்காரர்கள் கூவினார்கள். இந்த இரைச்சல்களுக்கெல்லாம் அடியில், தம்பூராவின் சுருதியைப் போல, ஓர் ஓசை இருந்தது. முதலில் அதை நாம் கவனிக்கவில்லை. பத்தடி நடந்ததும் அது கொஞ்சம் பெரிதாயிற்று. கோயிலருகே வந்ததும் கடைக்காரர்களின் கூவல் சிறுத்துப் போயிற்று. அருவிக்கு எதிரே போய் நின்றபோது நண்பர் ஏதோ சொன்னார். அவருடைய வாய் அசைந்தது தெரிந்தது; சொன்னது ஒன்றும் கேட்கவில்லை.

பேரருவி ஒரே பாய்ச்சலாகக் கீழே வந்துவிடுவதில்லை. பாதி வழியில் பொங்குமாகடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, அங்கே வேகம் தணிந்து, பிறகு பொங்கி வழிந்து பாறையில் அகலமாகப் பரவி இறங்குகிறது. அப்படித் தணிந்து வருவதனால்தான் மனிதர்கள் அதன் அடியில் தலையைக் கொடுக்க முடிகிறது. நீர் மிகுந்து பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழத் தொடங்கினால் குளிக்கக் கூடாதென்று தடுத்துவிடுவார்கள். நாம் போன அன்று தடையில்லை. அரைமணி நேரம் அருவியில் நின்றோம். தலைக்குள் இருந்த கவலைகளில் எது எது மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கக்கூட முடியாதபடி அருவி அடித்தது.

ஆயிரங்கோடிக் குமிழிகள்

அருவி ஏன் சத்தம் போடுகிறது? 'தண்ணீர் பாறையில் மோதுவதால்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுவோம். விஷயம் அவ்வளவு சுலபமில்லை. மின்னார்ட் என்ற டச்சு விஞ்ஞானி 1933-இல் இதை ஆராய்ந்து எழுதினார். நீர் விழும்போது காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. காற்று குமிழிகளாகிறது. பிறக்கும்போது ஒவ்வொரு குமிழியும் ஒரு சிறு மணியைப் போல அதிர்ந்து ஒலிக்கிறது. பெரிய குமிழிக்குத் தாழ்ந்த சுருதி, சின்னக் குமிழிக்கு உயர்ந்த சுருதி. மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான ஆரமுள்ள குமிழி விநாடிக்குச் சுமார் ஆயிரம் முறை அதிர்கிறது. மிளகளவும் கடுகளவுமாக எண்ணற்ற குமிழிகள் ஒரே சமயத்தில் பிறந்து ஒலித்தால் எப்படியிருக்கும்? எல்லா ஸ்வரங்களும் ஒன்றாகக் கலந்து, எந்த ஸ்வரமும் தனியாகத் தெரியாத ஒரு பேரோசை உண்டாகும்.

'வெள்ளை இரைச்சல்' என்ற பெயருக்கும் இதுதான் காரணம். வானவில்லின் எல்லா நிறங்களும் கலந்தால் வெண்மையாகிறது அல்லவா? அதைப்போலவே மனிதக் காதுக்கு எட்டக்கூடிய ஒலிகள், விநாடிக்கு 20 அதிர்வுகளிலிருந்து 20,000 அதிர்வுகள் வரையில், எல்லாம் சமபலத்துடன் கலந்திருப்பதை வெள்ளை இரைச்சல் என்கிறார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் அருவியின் ஓசை முழு வெள்ளையல்ல. சுத்தமான வெள்ளை இரைச்சல் எண்ணெய்ச் சட்டி சீறுவது போல் காதைக் குத்தும். அருவியின் ஓசை காற்றையும் மரங்களையும் சுவர்களையும் கடந்து வரும்போது உயர்ந்த சுருதிகள் வழியில் தேய்ந்துபோய், கனத்த, மெத்தென்ற பகுதியே அதிகமாக வந்து சேருகிறது. கீழ்ச் சுருதிகளுக்கு அதிக பலமுள்ள இரைச்சலுக்கு 'இளஞ்சிவப்பு' என்று வேறு பெயரிட்டிருக்கிறார்கள். ஆகவே குற்றாலத்து இரவுகள் கொஞ்சம் சிவந்தவை என்று சொல்லலாம்.

முதல் இரவு

நாம் தங்கிய விடுதி அருவியிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்தது. "அருவிப் பக்கமா அறை இருக்கா, அண்ணாச்சி?" என்று விடுதிக்காரரைக் கேட்டோம்.

"இருக்கு ஸார். ஆனா அந்த அறையிலே ராத்திரி முழுக்க அருவிச் சத்தம் கேக்கும். எல்லாரும் பின்பக்கத்து அறைதான் கேப்பாக" என்றார்.

"சத்தந்தான் வேண்டும்" என்றார் நண்பர். விடுதிக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

இரவு ஒன்பது மணிக்குப் படுத்தோம். சாளரத்தைத் திறந்து வைத்தோம். கடைவீதியின் கூச்சல் ஒவ்வொன்றாக அடங்கி, அருவி மட்டும் நின்றது. சிறிது நேரம் அதில் ஏதாவது புதிதாக வருமா என்று மனம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றும் வரவில்லை. சற்று முன் எப்படியிருந்ததோ அப்படியே இருந்தது. அதில் காக்கை கரையவில்லை. 'இதைக் கவனிக்க வேண்டியதில்லை' என்று மனம் முடிவு செய்த அந்தக் கணம் எதுவென்று நமக்குத் தெரியாது. கண் விழித்தபோது காலை ஆறரை மணி. நண்பர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தை வெகு நாளைக்குப் பிறகு சுருக்கமில்லாமல் பார்த்தோம்.

கண்ணுக்கு இமை உண்டு. காதுக்கு மூடி கிடையாது. உடம்பு தூங்கினாலும் காது காவல்காரனாக வாசலில் உட்கார்ந்திருக்கிறது. காட்டில் வாழ்ந்த காலத்தில் அந்தக் காவல் இருந்ததனால்தான் நம் முன்னோர்கள் பிழைத்தார்கள். காவல்காரன் எல்லாச் சத்தத்துக்கும் நம்மை எழுப்புவதில்லை. இருக்கிற சத்தத்துக்கும் புதிதாக வருகிற சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறான். முப்பது டெசிபல் அமைதியில் அறுபது டெசிபல் அளவுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் போனால் அது பெரிய தாவல், தூக்கிவாரிப் போடுகிறது. ஐம்பது டெசிபல் அளவில் ஒரே சீரான ஓசை ஏற்கெனவே இருந்தால் அதே மோட்டார் சைக்கிள் சிறிய மேடுதான். காவல்காரன் புரண்டு படுத்துவிடுகிறான்.

இந்த ரகசியத்தை விஞ்ஞானிகள் கண்டுபிடிக்கும் முன்பே தாய்மார்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு 'உஸ்… உஸ்…' என்கிறார்களே, அது என்ன? எல்லாச் சுருதிகளும் கலந்த இரைச்சல்தான். தாயின் வயிற்றில் இருந்தபோது இரத்த ஓட்டத்தின் ஓசையை மாதக்கணக்கில் இடைவிடாமல் கேட்டு வந்த குழந்தைக்கு இந்த உலகத்து நிசப்தம்தான் புதிது. லண்டனில் 1990-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பிறந்து ஒரு வாரத்துக்குட்பட்ட 40 சிசுக்களை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். வெள்ளை இரைச்சலைக் கேட்ட 20 சிசுக்களில் 16 சிசுக்கள் ஐந்து நிமிஷத்துக்குள் தூங்கிவிட்டன. கேட்காத 20-இல் தூங்கியவை 5 தான்.

மேல்நாட்டில் இதை வியாபாரமாகவும் ஆக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் ஒரு தம்பதியர் பிரயாணத்தின்போது தங்கிய விடுதியில் அறையைக் குளிரூட்டும் கருவியின் இரைச்சலில் மனைவி நன்றாகத் தூங்கினாராம். வீட்டுக்கு வந்ததும் தூக்கம் வரவில்லை. கணவர் ஒரு சிறு விசிறியைக் கூட்டுக்குள் அடைத்து, அதே இரைச்சலைப் போடும் கருவியைச் செய்து கொடுத்தார். 1962 முதல் அது விற்பனைக்கு வந்துவிட்டது. இன்று கைபேசியிலேயே மழை, கடல், அருவி எல்லாம் கிடைக்கின்றன.

அருவி மறைப்பது எதை?

மறுநாள் பழைய குற்றாலத்துக்குப் போனோம். அங்கே அருவியின் அழகைப் பார்ப்பதற்குப் பதிலாக நண்பர் மேலே மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில், மலைமேல் பெய்த மழையினால் திடீரென்று இந்த அருவியில் வெள்ளம் வந்து, குளித்துக்கொண்டிருந்த ஜனங்கள் சிதறி ஓடினார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அவன் பிழைக்கவில்லை.

அருவியின் அடியில் நிற்கிறவனுக்கு வேறு எந்தச் சத்தமும் கேட்காது. கரையில் நின்று கூப்பிடுகிறவர்களின் குரல் கேட்காது. மேலே நீர் பெருகுகிற சத்தமும் கேட்காது. எல்லாவற்றையும் மூடி மறைப்பதுதான் அந்த ஓசையின் குணம். இதை மறைக்கலாம், இதை மறைக்கக் கூடாது என்ற விவேகம் அதற்கு இல்லை.

வீட்டிலே இதைப் பயன்படுத்த நினைக்கிறவர்கள், முக்கியமாகக் குழந்தை உள்ள வீட்டார், இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. தொட்டிலுக்குப் பக்கத்தில் கருவியை அலறவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவது சரியல்ல. சிசுக்களுக்கென்று விற்கும் 14 இரைச்சல் கருவிகளைக் கனடா தேசத்து டொராண்டோவில் சோதித்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். முழு ஒலியில் வைத்து ஓர் அடி தூரத்தில் அளந்தபோது எல்லாமே 50 டெசிபலைத் தாண்டின. அவற்றில் மூன்று 85 டெசிபலையும் தாண்டின. அந்த அளவு சத்தத்தை நாள்தோறும் பல மணி நேரம் கேட்டால் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெரியவர்களின் செவிக்கே ஆபத்து என்றால், சிசுவின் செவிக்குக் கேட்கவேண்டுமா? பெரியவர்கள் விஷயத்திலும் இது சர்வரோக நிவாரணியல்ல. இதுவரை நடந்த 38 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பரிசீலித்தவர்கள் 2021-இல் சொன்ன முடிவு: சிலருக்குப் பயன்பட்டிருக்கிறது, சிலருக்குப் பயன்படவில்லை, உறுதியாகச் சொல்லுமளவுக்கு அத்தாட்சி போதாது என்பதுதான்.

மூன்றாம் இரவு

இரண்டாம் இரவும் நண்பர் நன்றாகத் தூங்கினார். மூன்றாம் நாள் காலையிலிருந்தே சாரல் இல்லை. வெயில் சுளீரென்று அடித்தது. மேகம் மலையைவிட்டு விலகிவிட்டது. சாயங்காலம் பார்த்தபோது பாறையை மூடியிருந்த நீர்த்திரை பல இடங்களில் கிழிந்து, கரும்பாறை தெரிந்தது. குற்றாலத்தில் இது சகஜந்தான். நாலு நாள் சாரல் இல்லாவிட்டால் அருவி மெலிந்துவிடும்.

இரவு எத்தனை மணி என்று தெரியவில்லை, விழிப்பு வந்தது. விருத்தாசலத்தில் வந்த விழிப்பைப் போலவே இருந்தது. அருவி தூரத்தில் எங்கேயோ முணுமுணுத்தது. தெருவில் ஒரு நாய் குரைத்தது. நண்பர் சாளரத்தண்டையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மணி என்ன?" என்றோம்.

"இரண்டு. நான் எண்ணவில்லை, கடிகாரத்தைப் பார்த்தேன்" என்றார்.

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவரே ஆரம்பித்தார்.

"என் வீட்டில் ஒரு தையல் மிஷின் உண்டு, உமக்குத் தெரியுமோ? அவள் தெருவிலுள்ள பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் உட்காருவாள். கல்யாணமான புதிதில், 'இந்தக் கடகடவென்ற சத்தத்தில் மனிதன் எப்படித் தூங்குகிறது?' என்று நான் கத்தினேன். 'பிள்ளை படிப்புக்குப் பணம் வேண்டாமா?' என்றாள். அப்புறம் கத்தவில்லை. முப்பது வருஷம் அந்தச் சத்தத்தில்தான் தூங்கினேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தால் அவள் அங்கே இருக்கிறாள் என்று அர்த்தம். அது நின்றதும் அரைத் தூக்கத்தில் ஒரு கணம் விழிப்பேன். விளக்கை அணைத்துவிட்டு வருவாள். மறுபடி தூங்கிவிடுவேன்."

மலைப்பக்கம் பார்த்தபடியே மேலும் சொன்னார்:

"இப்போது மிஷினைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். அது நின்றுவிட்டது, அதனால் விழித்துக்கொண்டிருக்கிறேன். விளக்கை அணைத்துவிட்டு வருவதற்குத்தான் ஆள் இல்லை."

இந்த எட்டு மாதத்தில் மனைவியைப் பற்றி அவர் நம்மிடம் பேசியது அதுதான் முதல் தடவை. பொழுது விடியும்வரை பேசினார். அவர் தைத்த முதல் ரவிக்கையின் கை ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் போனதையும், மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று மிஷினுக்குக் குங்குமம் இட்டதையும் சொன்னார், சொல்லிச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். அருவி நிறைந்து விழுந்த இரண்டு இரவுகளில் இந்தப் பேச்சுக்கு இடமில்லாமல் இருந்தது. தூங்குவதற்கு அந்த இரண்டு இரவுகள் வேண்டியிருந்தன. தூங்கி எழுந்த தெம்பில் அழுவதற்கு இந்த மூன்றாவது இரவும் வேண்டியிருந்தது.

வீட்டுக்கு ஓர் அருவி

அருவியைப் பெயர்த்துக்கொண்டு வர முடியாது. ஆனாலும் குற்றாலத்தில் கற்றதை வீட்டுக்குக் கொண்டுவர முடியும். தூக்கம் வராத வீட்டில் பழைய மேஜை விசிறி ஒன்று இருந்தால் போதும். அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்து, மெதுவாக ஓடவிடலாம். சத்தம் ஒரே சீராக இருக்கவேண்டும். நடுவில் காக்கை கரையக் கூடாது. பக்கத்தில் இருப்பவருடன் குரலை உயர்த்தாமல் பேசும் அளவுக்குத் தணிந்திருக்கவேண்டும். தலைமாட்டில் வைக்காமல் அறையின் மறுகோடியில் வைக்கவேண்டும். குழந்தை அழுதாலும், வயதானவர் கூப்பிட்டாலும் காதில் விழவேண்டும். இவ்வளவும் செய்தும் வாரக்கணக்காகத் தூக்கம் வராவிட்டால் வைத்தியரிடம் போகவேண்டியதுதான்; அல்லது, நண்பரைப் போல, மனத்தில் மூடி வைத்திருப்பதை யாரிடமாவது பேசவேண்டியதுதான். அநேகமாக இரண்டும் வேண்டியிருக்கும்.

ஊர் திரும்பி ஒரு மாதத்துக்குப் பிறகு நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. கைபேசி இருந்தும் கடிதம் எழுதுகிற வழக்கத்தை அவர் விடவில்லை. அவர் எழுதியிருந்தது இது:

"மேஜை விசிறி ஓடுகிறது. தினமும் தூங்குகிறேன் என்று சொல்லமாட்டேன். வாரத்தில் ஐந்து நாள் தூங்குகிறேன். கணக்கில் அது தேர்ச்சி மார்க்குத்தான். தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டேன். அடுத்த வீட்டுப் பெண் தைக்கப் பழகிக்கொள்கிறேன் என்று கேட்டாள். சாயங்காலம் வந்து தைக்கிறாள். நேற்று அந்தச் சத்தத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். மிஷின் நின்றதும் விழித்தேன். 'விளக்கை அணைத்துவிட்டுப் போகட்டுமா, தாத்தா?' என்று கேட்டாள். 'அணைத்துவிட்டுப் போ அம்மா' என்றேன். அடுத்த சாரலுக்கு மறுபடி குற்றாலம் போவோம். இந்தத் தடவை குளிப்பதற்காகவே போவோம்."